மீதியை வெள்ளித்திரையில் காண்க

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் முதல் பக்கங்களில் அச்சாகியிருக்கும் கதைச் சுருக்கமும், அந்தச் சுருக்கம் முடிகிற விதமும் நினைவிருக்கும். கதாநாயகன் செய்யாத குற்றத்துக்காகச் சிறைக்குப் போவான். கதாநாயகி நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேறுவாள். வில்லன் கத்தியை ஓங்குவான். அடுத்த வரியில் இரண்டு மூன்று கேள்விக்குறிகள் நிற்கும். அவற்றின் கீழே, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற வாக்கியம் நிற்கும். சில அணாக்களுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகத்தை வாங்கிப் பாட்டுகளை மனப்பாடம் செய்தவர்களில் எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அந்த மீதி, வெள்ளித்திரையில் அன்றி, பார்த்துவிட்டு வந்தவர்களுடைய வாயிலேதான் கிடைத்தது.

எங்கள் ஊரில் அந்த மீதியை வழங்கும் அதிகாரம் என் அத்தையிடம் இருந்தது. அடுத்த ஊர் டூரிங் கொட்டகையில் மாலை வேளையில் விநாயகர் பாட்டு ஒலிபெருக்கியில் கிளம்பி வயல்களைத் தாண்டி வந்து சேரும்போதே, அத்தை அடுப்பை அணைத்துவிட்டுப் புடைவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து, ஒற்றைப் புரொஜெக்டரில் ரீல் மாற்றுவதற்காக விடப்படும் மூன்று நான்கு இடைவேளைகளையும் பொறுத்துக்கொண்டு, முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். மறுநாள் பிற்பகல் திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களின் நடுவில் அவர் வந்து உட்கார்ந்ததும், அரிவாள்மணைகளின் சத்தம் தானாகவே தாழ்ந்துவிடும். பாட்டு வரும் இடத்தில் பாட்டு, அழுகை வரும் இடத்தில் அழுகை, சண்டை வரும் இடத்தில் "இப்பிடி ஒரு குத்து" என்று காற்றில் ஒரு வீச்சு. பாட்டுப் புத்தகத்தின் கடைசி வரியை மட்டும் அவர் மன்னித்ததே இல்லை. "காசு குடுத்து வாங்குறவளுக்குக் கதைய முழுசாச் சொன்னா அவன் சொத்தா கொறஞ்சு போயிரும்?" என்று கேட்பார். ஒரு படத்தில் வீட்டை விட்டுத் துரத்தப்படும் மூத்த மருமகள், வாசற்படியில் நின்று திரும்பி மாமியாரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கும் கட்டத்தை அவர் சொல்லிக் கேட்ட பெண்கள், அந்த வருஷம் முழுவதும், "அக்கா, அந்த வாசப்படிக் கட்டத்தை இன்னொருக்காச் சொல்லுங்க" என்று விடாமல் கேட்டதை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன்.

படம் பார்ப்பது ஒரு காரியம். பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவது, அதைத் தொடர்ந்து வந்தாலும், வேறொரு காரியம். முன்னதற்கு இருட்டும் மௌனமும் வேண்டும். பின்னதற்கு வெளிச்சமும் கூட்டமும் வேண்டும். டீக்கடைப் பெஞ்சிலும், ரயில் பெட்டியிலும், அலுவலகத்து மத்தியான்னச் சாப்பாட்டு மேஜையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், "சமீபத்தில் என்ன படம் பார்த்தீர்கள்?" என்ற கேள்வி, "சாப்பிட்டாயிற்றா?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக இடம்பெற்றுவிட்ட இந்த நாட்டில், அந்தப் பேச்சின் வரலாற்றையும் இலக்கணத்தையும் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது வீண்வேலை ஆகாது.

சபையின் முன்னே

ஒரு கலைப் படைப்பு, செய்தவன் செய்து முடித்ததும் முடிந்துவிடுவதில்லை. நாலு பேர் கூடிய சபையில் அதைப் படித்துக் காட்டி, கேட்டவர்களுடைய ஆக்ஷேபங்களுக்குச் சமாதானம் சொன்ன பிறகே அது நூல் என்ற பெயருக்கு உரியதாகும் என்று நம் முன்னோர்கள் கருதினார்கள். தொல்காப்பியம் அதங்கோட்டாசானுடைய கேள்விகளைக் கடந்து வந்ததாகப் பாயிரம் சொல்கிறது. காஞ்சிபுரத்தில் கந்தபுராணம் அரங்கேறியபோது, முதற்பாட்டின் முதற்சொல்லிலேயே புணர்ச்சி விதியைக் கேட்டுச் சபையார் கச்சியப்ப சிவாசாரியாரை மேலே போகவிடாமல் நிறுத்திவிட்டதாகவும், சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் தொடர்ந்ததாகவும் கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. கதாநாயகன் ஓடும்போது நீலச் சட்டையும் நின்றபோது வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தான் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, படத்தின் மற்ற இரண்டரை மணி நேரத்தையும் தள்ளிவைத்து அதை ஒன்றையே வாதிக்கிற இன்றைய ரசிகரைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கு அந்தக் காஞ்சிபுரத்துச் சபையாரின் ஞாபகமே வருகிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையில் எழுந்து போகிறவர், தாம் அறியாமலே, அரங்கேற்ற சபையின் வாரிசாகப் போகிறார்.

ஆனால் அந்தச் சபைக்கும் இந்தச் சபைக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அங்கே கேள்வி கேட்பதற்குக் கல்வி வேண்டியிருந்தது. இங்கே டிக்கெட்டுக்குக் காசு இருந்தால் போதும். சாதியும் படிப்பும் பார்த்து இடம் ஒதுக்கிய சமூகத்தில், காசைப் பார்த்து மட்டுமே இடம் ஒதுக்கிய முதல் பொது மண்டபங்களில் ஒன்றாகச் சினிமாக் கொட்டகை வந்து சேர்ந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டு வாக்கில் சலனப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டிய காலத்திலிருந்து, தரை டிக்கெட்டுக்காரரும் நாற்காலி டிக்கெட்டுக்காரரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் இருவருக்கும் அபிப்பிராயம் இருந்தது. தரையில் உட்கார்ந்தவருடைய அபிப்பிராயமே பல படங்களின் தலைவிதியை நிர்ணயித்தது.

இந்த அபிப்பிராயம் அரசாங்கத்தின் கவனத்துக்கும் வெகு சீக்கிரத்திலேயே வந்துவிட்டது. 1927-இல் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் நியமித்த சினிமா விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். தணிக்கையைப் பற்றியும், அமெரிக்கப் படங்களின் ஆதிக்கத்தைப் பற்றியும் விசாரிக்கப் புறப்பட்ட அந்தக் குழு, நகரம் நகரமாகச் சென்று 353 சாட்சிகளை நேரில் விசாரித்தது. சாட்சியங்கள் தனித்தனித் தொகுதிகளாக அச்சேறின. இந்தியர்கள் எந்தப் படத்தை விரும்புகிறார்கள், எதைக் கண்டு கூச்சப்படுகிறார்கள் என்ற சம்பாஷணை, இந்தியாவில் பேசும் படம் பிறப்பதற்கு முன்னமேயே இவ்வளவு காகிதத்தை நிரப்பியிருக்கிறது.

பேனாவும் மார்க்கும்

1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னையில் வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம் என்று கொண்டாடப்படுகிறது. அதில் கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் பதில் சொன்னார். கதைக்கும் காலத்துக்கும் சம்பந்தமில்லாத தியாகராஜ கீர்த்தனங்களும் காந்தியின் ராட்டினத்தைப் பாடும் தேசியப் பாட்டும் இடையே வந்தன. திரையில் உருவம் பேசுகிறது என்ற அதிசயத்தின் முன்னால், என்ன பாஷையில் பேசுகிறது என்பதை ஜனங்கள் பெரிதாகப் பாராட்டவில்லை. ஆச்சரியம் தணிந்த பிறகுதான் அபிப்பிராயம் பிறக்கும். சுடச்சுட இருக்கும் பாலில் சர்க்கரை போதுமா என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா?

ஆச்சரியத்தைத் தணித்து அபிப்பிராயத்தை வளர்த்த பேனாக்களில் முதன்மையானது கல்கியினுடையது. 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் 'ஆடல் பாடல்' என்ற பகுதியில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரோடு அவர் சங்கீதத்தையும் நாடகத்தையும் சினிமாவையும் பற்றி எழுதியவை, படித்தவர்கள் சினிமாவைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவு என்று நினைத்த காலத்தில், அந்தப் பேச்சுக்கு ஒரு கௌரவத்தைத் தேடிக் கொடுத்தன. கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பெற்றதாக நாடெங்கும் பேசப்பட்ட 'பக்த நந்தனார்' 1935-இல் வந்தபோது, அந்த லட்சத்தைக் கண்டு மலைத்துவிடாமல் படத்தின் குறைகளைக் கேலியோடு எடுத்துக்காட்டியவர் அவர். பெரிய சம்பளமும் பெரிய விளம்பரமும் வேறு, நல்ல படம் வேறு என்பதை வாசகர்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் அதே 'ஆனந்த விகடன்' படங்களுக்கு மார்க் போடும் வழக்கத்தைக் கைக்கொண்டது. 1977-இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' பெற்ற 62.5 மார்க்கை, பள்ளிக்கூடத்துப் பையன் மாநிலத்தில் முதலாவதாக வந்ததுபோல், ரசிகர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். நூற்றுக்கு அறுபது வாங்குவதே பெரும்பாடாக இருந்த அந்தக் கண்டிப்பு, மார்க்குக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. என்றாலும் மார்க்கில் ஒரு சங்கடம் உண்டு. எண்ணைக் கண்டதும் கண் அதன்மேல் நின்றுவிடுகிறது. எண்ணுக்கு மேலே விமரிசனக்குழு எழுதிய காரணங்களைப் படிக்கப் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை. தீர்ப்பு ஞாபகத்தில் தங்குகிறது; தீர்ப்புக்கான காரணம் பழைய காகிதத்தோடு போய்விடுகிறது.

ரசிகர்களின் அகராதி

அச்சில் வந்த விமரிசனத்தைவிட வளமானது வாயில் வளர்ந்த விமரிசனம். அதற்குச் சொந்தமாக ஓர் அகராதியே இருக்கிறது. படம் மெதுவாக நகர்ந்தால் 'இழுவை'. அந்த இழுவையே எல்லை மீறினால் 'ஜவ்வு'. வசனம் சகிக்கவில்லை என்றால் 'அறுவை'. எந்தப் பக்கமும் தேறவில்லை என்றால், பிந்திய தலைமுறையின் சொல்லில், 'மொக்கை'. படம் தோற்றால் 'ஊத்திக்கிச்சு' என்பார்கள். 'பெட்டி திரும்பிப் போயாச்சு' என்றும் சொல்வார்கள். இந்தப் பெட்டி, படச்சுருள்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பிய தகரப் பெட்டி. சுருளும் பெட்டியும் மறைந்து படம் செயற்கைக்கோள் வழியாகவும் வன்தட்டு வழியாகவும் வருகிற காலத்திலும், ரசிகரின் பேச்சில் பெட்டி மட்டும் இன்னும் வருவதும் போவதுமாக இருக்கிறது.

இந்த அகராதியில் இரண்டு வாக்கியங்களை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். முதலாவது, 'முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதிதான் சொதப்பல்' என்ற வாக்கியம். இடைவேளை இல்லாமல் ஒரே மூச்சாகப் படம் காட்டும் நாடுகளில் ஒரு படத்தை இப்படி இரண்டாக அறுத்து எடைபோடும் வழக்கத்துக்கு இடமே இல்லை. முறுக்கும் சோடாவும் விற்பதற்காக விடப்பட்ட பதினைந்து நிமிஷம், நம் கதாசிரியர்களை இடைவேளைக்கு முன்னால் ஒரு பெரிய திருப்பத்தை வைத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்திற்று. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் வராந்தாவில் நின்று முதல் பாதியைப் பற்றி ஒரு தாற்காலிகத் தீர்ப்பை எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கத்தை ரசிகர்களுக்கும் கொடுத்தது. ஆகவே நம்முடைய படங்கள் இரண்டு முறை விசாரிக்கப்படுகின்றன: ஒன்று கீழ்க்கோர்ட்டில், மற்றது மேல்கோர்ட்டில்.

இரண்டாவது, 'ஒரு தடவை பார்க்கலாம்' என்ற வாக்கியம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது பாராட்டுப்போலத் தோன்றும். உண்மையில் இது மரியாதையான நிராகரிப்பு. நல்ல படம் என்றால் பலமுறை பார்ப்பது என்பது இங்கே ஸ்தாபிதமான வழக்கம். 1944-இல் வந்த தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், புதிது புதிதாக ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்பது மட்டும் அதன் காரணமாக இருக்க முடியாது. பார்த்தவர்களே மறுபடியும் மறுபடியும் பார்த்தார்கள். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யின் கோர்ட்டு வசனத்தை, புத்தகமாக வாங்கியும் இசைத்தட்டில் கேட்டும், மூச்சுவிடும் இடம்கூடப் பிசகாமல் ஒப்பித்தவர்களுக்கு, ஒரு தடவை பார்ப்பது என்பது பார்ப்பதில் சேர்த்தியே அல்ல.

பக்ஷபாதமும் அதன் நியாயமும்

ரசிகர்களுடைய அபிப்பிராயத்தை மதிக்கக்கூடாது என்று சொல்பவர்கள் காட்டும் முக்கியமான காரணம் அவர்களுடைய பக்ஷபாதம். அது பொய்யான குற்றச்சாட்டு அல்ல. எம்.ஜி.ஆர். ரசிகர் ஒருவரும் சிவாஜி ரசிகர் ஒருவரும் ஒரே நாவிதர் கடையில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தால், கத்தி யார் பக்கம் என்று நாவிதர் அறிவிக்காமல் இருப்பதே க்ஷேமம் என்ற நிலை எங்கள் இளமையில் இருந்தது. தம்முடைய நடிகரின் படம் எத்தனை நாள் ஓடிற்று என்பதைத் தவிர வேறு விமரிசன அளவுகோலை அறியாதவர்கள் அன்றும் இருந்தார்கள். முதல் நாள் வசூலைத் தவிர வேறொன்றையும் அறியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது படத்தைப் பற்றி அல்ல, கட்சியைப் பற்றி.

ஆனால் இந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு பேச்சும் நடந்துகொண்டே இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி 1980-களில் மதுரையில் தங்கி, ஏழை எளிய மக்கள் சினிமாவை எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1993-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கவலையை மறப்பதற்காகப் போகிறோம் என்று சொன்ன அதே மக்கள், திரையில் காணும் குடும்பச் சண்டைகளிலும் பணக்காரர் ஏழை வித்தியாசத்திலும் தங்கள் வாழ்க்கையின் பிரச்சனைகளையே கண்டு விவாதித்தார்கள் என்பது அதைப் படிப்பவர்களுக்குப் புலப்படும். 'அந்த அண்ணன் செய்தது சரியா?' என்று கேட்கும்போது, சொந்த அண்ணனைப் பெயர் சொல்லாமல் விசாரிக்கும் சௌகரியம் ஒருவருக்குக் கிடைத்துவிடுகிறது. வீட்டில் பேச முடியாத விஷயத்தைப் பிறர் வீட்டுக் கதையாக வைத்துப் பேசுவதற்கு இதைவிட நல்ல சாதனம் ஏது?

திருத்தி எழுதிய தீர்ப்புகள்

இனி, இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படத்தைப் பற்றிய முதல் நாள் அபிப்பிராயம், ஒரு நீண்ட சம்பாஷணையின் முதல் பேச்சே அன்றி முடிவான பேச்சு அன்று. இதற்குத் தமிழ்ப் பட வரலாற்றிலேயே போதுமான சாட்சிகள் இருக்கின்றன.

1954-இல் ஏவி.எம். தயாரிப்பில், வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தரின் இயக்கத்தில் 'அந்த நாள்' வந்தது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. படம் தொடங்கிய உடனேயே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான். சுட்டது யார் என்று துப்பறிகிறவரிடம் ஒவ்வொருவரும் தம்தம் கோணத்திலிருந்து ஒரு கதை சொல்கிறார்கள். ஜப்பானிய மேதை குரோசாவாவின் 'ராஷோமோன்' நினைவுக்கு வரும் பாணி அது. பாட்டுக்காகவே படத்துக்குப் போன ஜனங்கள் ஏமாற்றமடைந்தார்கள். படம் வசூலில் தோற்றது. அதே படத்தைப் பிந்திய தலைமுறையினர் தமிழ் சினிமாவின் மைல்கற்களில் ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள். சுட்டவர் யார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை; எழுபது வருஷம் கடந்தாலும் பார்க்காதவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை மரியாதைதான்.

1978-இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' முதல் சில வாரங்கள் கூட்டம் குறைந்தே ஓடியது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள்; கூட்டம் கூடிற்று; படம் நூறு நாளைக் கடந்தது. பாலாவின் 'சேது'வின் கதை இன்னும் விசித்திரமானது. வாங்குவதற்கு விநியோகஸ்தர்கள் முன்வராமல் வெகுநாள் காத்திருந்த அந்தப் படம், 1999 டிசம்பரில் சென்னைப் புறநகர்த் தியேட்டர் ஒன்றில் பகல் காட்சி மட்டுமாக வெளியானது. அந்தச் சில நூறு பேர் வெளியே வந்து சொன்ன வார்த்தையே, சுவரொட்டி செய்யாததைச் செய்து, படத்தை மற்றத் தியேட்டர்களுக்குக் கொண்டு போயிற்று. வியாபாரிகள் 'மவுத் டாக்' என்று சொல்லிப் பயபக்தியோடு எதிர்பார்க்கும் அந்த வாய்மொழியின் சக்திக்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் வேண்டாம்.

'குணா'வின் விஷயமோ வேறு மாதிரி. 1991 தீபாவளியன்று 'தளபதி'யோடு போட்டியிட்டு வெளியான அந்தப் படத்தில் வரும் கொடைக்கானல் குகை, படத்தின் பெயராலேயே குணா குகை என்று பிரசித்தி பெற்றது. அந்தக் குகைப் பள்ளத்தில் விழுந்த நண்பனை மீட்ட கேரள இளைஞர்களைப் பற்றிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் வந்து, தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலும் பெருங்கூட்டத்தைச் சேர்த்தபோது, அதன் உச்சக்கட்டத்தில் 'குணா'வின் பாட்டு எழுந்ததும், அந்தப் பாட்டு பிறந்த காலத்தில் பிறந்திராத பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னே தொடங்கிய பேச்சை, வேறொரு பாஷையில் வந்த வேறொரு படம் எடுத்துத் தொடர்ந்தது. ஒரு படத்துக்கு இன்னொரு படமே அபிப்பிராயம் சொல்வதும் உண்டு.

கூடி ரசித்தல்

அபிப்பிராயம் மாறுவதற்கு அவகாசம் வேண்டும். கூடிப் பேசுவதற்கு இடமும் வேண்டும். திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் நண்பர்கள் கூடி ரசித்த வட்டத்தொட்டியில், ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அது நல்ல பாட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோவதில்லை. அதன் ஒரு சொல்லை, ஓர் ஓசையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி, கேட்பவர் முகத்தில் சந்தோஷம் தோன்றும்வரை விடமாட்டார் டி.கே.சி. என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரசனை என்பது ஒருவர் மற்றவருக்குக் கையைப் பிடித்துக் காட்டுகிற காரியம் என்பது அவருடைய வழி.

சினிமாவுக்கு அப்படிப்பட்ட கூட்டங்களை ஏற்படுத்தியவை திரைப்படச் சங்கங்கள். 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் அவர்கள் நண்பர்களும் கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள்; 'பதேர் பாஞ்சாலி' வெளிவருவதற்கு எட்டு வருஷங்களுக்கு முன் அது. 1959-இல் சென்னைச் சங்கம் உள்படப் பல நகரத்துச் சங்கங்கள் சேர்ந்து ராயின் தலைமையில் ஒரு சம்மேளனம் அமைத்தன. வெளிநாட்டுத் தூதரகங்களிலிருந்து இரவல் வாங்கிய படத்தை வாடகை மண்டபத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, விளக்கு போட்டபின்னும் கலையாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது அந்தச் சங்கங்களின் வழக்கம். ராய் படம் எடுப்பதற்கு முன்னால் படம் பார்த்துப் பேசியவர் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

கேமராவின் முன்னால்

இன்றைக்கு அந்தப் பேச்சுக்கு அவகாசம் மிகவும் சுருங்கிவிட்டது. முதல் காட்சி முடிந்து கதவு திறந்ததும், கண் இன்னும் வெளிச்சத்துக்குப் பழகாத ரசிகரின் முகத்துக்கு நேரே மைக்கும் கேமராவும் நீட்டப்படுகின்றன. இருட்டிலிருந்து வெளியே வந்து மூச்சுவிடாதவரிடம் அபிப்பிராயம் கேட்டால், அவரால் 'வேற லெவல்' என்றோ 'மரண மொக்கை' என்றோ தவிர வேறு என்ன சொல்ல முடியும்? இதனால் படங்கள் பாதிக்கப்படுவதாகத் தயாரிப்பாளர்கள் வருந்தினார்கள். தியேட்டர் வளாகத்துக்குள் இப்படிப்பட்ட பேட்டிகளை அனுமதிக்க வேண்டாம் என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வந்த முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமரிசனங்களுக்குத் தடை வேண்டும் என்று உயர்நீதிமன்றத்துக்கும் போயிற்று. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

காசு கொடுத்துப் பார்த்தவனுடைய வாயைக் கட்டுவது நியாயமும் அல்ல, சாத்தியமும் அல்ல. அத்தையின் வாயை எந்தச் சங்கம் கட்டியிருக்க முடியும்? ஆனால் தயாரிப்பாளர்களுடைய மனக்குறையில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. மூன்று நாள் மௌனத்தைச் சட்டம் விதிக்கக்கூடாது; ரசிகர் தாமாக விதித்துக்கொண்டால் அழகாக இருக்கும். மூன்று நாள்கூட வேண்டாம், வீட்டுக்கு நடந்து போகும் நேரம் போதும். படம் பார்த்த இரவில் 'பிரமாதம்' என்று நினைத்தது காலையில் வெளுத்துப்போவதும், 'ஒன்றுமில்லை' என்று தள்ளிய படத்தின் ஒரு முகம் பத்து நாளைக்குப் பிறகு பஸ் ஜன்னலோரத்தில் திடீரென்று வந்து நிற்பதும் எல்லோருக்கும் நேர்ந்திருக்கும். அந்த முகம் ஏன் வந்தது என்று யோசித்துப் பார்ப்பவர் நல்ல விமரிசகர் ஆகிவிடுகிறார். அதற்குத் தொழில்நுட்பச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'படம் நன்றாக இருக்கிறது' என்று சொல்பவரைவிட, 'அந்தக் கிழவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கடிதத்தைப் படிக்காமலேயே மடித்து வைத்தாரே, அங்கே எனக்குத் தொண்டையை அடைத்தது' என்று சொல்பவர் நமக்கு அதிகம் கொடுக்கிறார். முன்னவரோடு நாம் ஒத்துப்போகலாம், அல்லது சண்டை போடலாம், பின்னவரோடு பேசலாம்.

அத்தை காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், அவர் சொல்லிக் கேட்ட அந்த மூத்த மருமகள் கதைப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். துரத்தப்படும் கட்டம் வந்தது. மருமகள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள், கூடத்தைக் கடந்தாள், வாசற்படியைத் தாண்டினாள், மழையில் இறங்கித் தெருவோடு போய்விட்டாள். திரும்பவில்லை. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பின்னணியில் ஒரு சோகப் பாட்டு மட்டும் ஒலித்தது. புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் வருஷம் முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்ட அந்த நாலு வார்த்தை, அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

அத்தையும் ஒரு வீட்டுக்கு மூத்த மருமகளாகப் போனவர்தாம். இருபத்தைந்து வருஷத்துக் குடித்தனத்தில் அவர் தம் மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதாக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை.